பலபொருள் ஒருசொல்லும் மொழிபெயர்ப்பும்

ஒரு மொழியிலுள்ள கருத்தைப் பிறிதொரு மொழியிற் பெயர்த்துரைத்தல் எளிய செயலென்று பலர் எண்ணுகின்றனர். இரு மொழியும் ஒருவாறு கற்றிருந்து, நல்ல அகராதி ஒன்றும் கையில் இருப்பின் வேறொன்றும் வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து. ஆயின் அகராதியைத் திறந்த அளவிலேயே அக்கருத்துத் தளர்ந்துவிடும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஐந்தும் பத்துமாகத் தமிழ்ச் சொற்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை அகராதி சொல்லுவதில்லை. முதலில் நிற்பதை எடுத்துக்கொள்வோரும் உளர். ஓசை இனியதைத் தேர்ந்துகொள்வோரும் உளர். இரு திறத்தாரும் பிழைபடுதல் உறுதி.

இத்தேர்வுக்கு நெறியொன்று உண்டோ எனின், உண்டு. அதனைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் பழைய இலக்கணமாகிய தொல்காப்பியமே அதனைச் சுருங்கக் கூறி வைத்திருக்கின்றது. அந்நெறியை நமக்கு அணித்தாகிய ஓர் ஊரின் நாள்வழக்கிற் பொருத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாத்தாங்காடும் அதன் சூழலும்

திருவொற்றியூருக்கு மேற்கே மணலிக்குச் செல்லும் வழியில் சாத்தாங்காடு என்னும் ஊர் உளது. இலக்கண உரைகளைக் கற்றார்க்குச் சாத்தன் என்னும் பெயர் புதிதன்று. சாத்தன் வந்தான், சாத்தன் உண்டான் என உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுக்கெல்லாம் வந்து நிற்பவன் அவனே. அச்சொல் ஐயனாருக்கும் பெயராம். சாத்து என்பதோ வணிகர் கூட்டத்தையும் குறிக்கும். இவ்வாறு பலபொருள் தரும் ஒரு சொல்லை முன்னே தாங்கிய இவ்வூரில், ஜார்ஜ் டவுனின் நெருங்கிய தெருக்களில் நடந்துவந்த இரும்பு வாணிகத்திற்கு இடமளிக்கக் கருதிச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் இரும்பு எஃகு அங்காடி ஒன்றை அமைத்தது. கம்பியும் தகடும் பட்டையும் குழாயும் பாரவண்டிகளில் வந்து இறங்குவதும் ஏறுவதும் அங்கு நாள்தோறும் காணும் காட்சி.

இவ்வூரைச் சுற்றிலும் பல்வேறு தொழில்கள் நடைபெறுகின்றன. கிழக்கே கடற்கரை நெடுக மீனவர் குப்பங்கள். தெற்கே இராயபுரத்தை அடுத்துக் காசிமேட்டு மீன்பிடி துறைமுகமும், அதன் அப்பாற் சென்னைத் துறைமுகமும் உள. மேற்கே மணலியில் 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கிறது. வடக்கே கொசத்தலை ஆறு கடலொடு கூடும் எண்ணூர் முகத்துவாரமும், 1970-இல் மின்னாக்கத் தொடங்கி 2017-இல் மூடப்பெற்ற எண்ணூர் அனல்மின் நிலையம் இருந்த இடமும், வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-இல் திறக்கப்பெற்று இன்று காமராசர் பெயரால் வழங்கும் துறைமுகமும் அமைந்துள்ளன.

இவ்விடங்களிற் பொறிகளொடு வரும் குறிப்பேடுகளும் எச்சரிக்கைப் பலகைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திற் பிறப்பன. அவற்றின்படி நடக்கவேண்டியவரோ தமிழில் அறிவுறுத்தப்பட வேண்டியவர். ஆதலின் மொழிபெயர்ப்பிற் பிழை நேரின், வகுப்பறையில் மதிப்பெண் குறைவதுபோல அங்கு ஒழிவதில்லை. பொருட்கேடும், சிற்சில இடங்களில் உயிர்க்கேடும் அதனால் விளையக்கூடும்.

ஒரு சொல்லின் ஐந்து பொருள்

ஸ்கேல் என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். காசிமேட்டில் அதற்கு மீனின் செதில் என்று பொருள். அங்காடி வாயிலில் அது நிறை காணும் கருவி. சிறிதாயின் தராசு, பாரவண்டியையே ஏற்றி நிறுக்கும் பெரிதாயின் எடைமேடை. எஃகுத் தகட்டின்மேல் அது நீலங்கலந்த கரிய மேலோடு. காய்ந்து சிவந்த எஃகு உருளைகளிடையே நசுங்கி வெளிவரும்பொழுது காற்றிலுள்ள உயிர்வளியொடு கூடி உண்டாவது. அனல்மின் நிலையத்துக் கொதிகலத்தில் அது நீரிலுள்ள சுண்ணம் முதலிய உப்புகள் குழாயின் உட்புறத்திற் படிந்து இறுகிய படிவு. வரைபடம் எழுதுவார் மேசையில் அது அளவு விகிதம். பள்ளிச் சிறுவர் கோடிடும் அடிக்கோலையும் நாம் ஸ்கேல் என்றே வழங்குகின்றோம். அலுவலகத்தில் ஊதிய விகிதத்திற்கும் அதுவே பெயர். இவையன்றி, சுவரில் ஏறுதல், மீனின் செதிலைச் சீவுதல் என வினையாகவும் அது வரும்.

இத்துணைப் பொருளும் ஒரு சொல்லிற் குடியேறியது எங்ஙனம் என்று ஆராய்ந்தால், உண்மையில் அது ஒரு சொல் அன்று என்பது புலப்படும். செதிலையும் மேலோட்டையும் குறிக்கும் சொல், ஓடு அல்லது உமி என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. தராசைக் குறிப்பது, கிண்ணம் என்னும் பொருளுடைய வடபுல நார்ஸ் மொழிச் சொல்லினின்று வந்தது. தராசுத் தட்டு கிண்ணம் போன்றதன்றோ? அளவையும் ஏறுதலையும் குறிப்பது, ஏணி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியது. மூன்று குடும்பத்திற் பிறந்தன காலப்போக்கில் ஓரெழுத்துருவும் ஓரொலியும் எய்தி ஆங்கிலத்தில் ஒன்றாய் நிற்கின்றன.

இனி, எஃகுத் தூண்களுக்கு வண்ணம் பூசுமுன் ஸ்கேலை நீக்குக என்று ஒரு குறிப்பு உளதாகக் கொள்வோம். வண்ணம் பூசுமுன் தராசை நீக்குக என ஒருவர் பெயர்த்தால் கேட்டார் நகுவர். உடனே பிழை திருத்தப்படும். துருவை நீக்குக என மற்றொருவர் பெயர்த்தால் நகுவார் ஒருவரும் இலர். கருத்துத் தெளிவாகவும் உள்ளது. எனினும் இஃதும் பிழையே. வேலையாள் செந்துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, உறுதியாகவும் வழுவழுப்பாகவும் தோன்றும் நீலக்கரு மேலோட்டை நல்ல எஃகென்று எண்ணி விட்டுவிடுவான். அதன்மேற் பூசிய வண்ணம் சின்னாளில் மேலோட்டொடு சேர்ந்து உரிந்து வீழும். மேலோடு வெடித்த இடங்களில் நீர் புகுந்து எஃகை விரைந்து அரிக்கும். கடற்காற்று வீசும் எண்ணூர்ப் பக்கத்தில் இதன் விளைவைச் சொல்லவேண்டுவதில்லை. முற்றும் பிழைபட்ட பெயர்ப்பினும் பாதி பொருந்திய பெயர்ப்பே மிகுதியும் அஞ்சத்தக்கதென்பது இதனால் விளங்கும், என்னை? அதனை ஒருவரும் ஐயுறார்.

கொதிகலத்தின் நிலையும் இத்தகையதே. குழாயினுள் இறுகிய படிவு வெப்பத்தை நீருக்கு எளிதிற் செலுத்தாது. அதனாற் குழாயின் சுவர் அளவிறந்து காய்ந்து, வலிகுன்றிப் புடைத்து, முடிவில் வெடித்தலும் கூடும். அப்படிவைக் குறிக்கும் சொல்லை அளவு எனப் பெயர்த்து, அளவைக் குறைக்கவும் என்று எழுதி வைத்தால், எதன் அளவை யார் எவ்வாறு குறைப்பது?

தொல்காப்பியர் காட்டும் நெறி

ஒரு சொல் பலபொருள் தருதல் ஆங்கிலத்திற்கே உரியதன்று. திவாகரத்திலும் சூடாமணி நிகண்டிலும் பதினோராந் தொகுதி முழுவதும் ஒருசொற் பலபொருட் பெயர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் அதனை நெட்டுருச் செய்தனர். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி இயற்றியபொழுது, அதன் முதற்பகுதியாகிய பெயரகராதியில் ஒரு சொல்லின் பல பொருள்களையும் அகர வரிசையில் அமைத்தார். நிகண்டும் அகராதியும் பொருள்களைத் திரட்டித் தந்தன. அவற்றுள் ஒன்றைத் தெளியும் வழியை வகுத்தது இலக்கணம்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில், பலபொருள் ஒருசொல் இருவகையாகப் பகுக்கப்படுகின்றது. வினையால் வேறுபடுவது ஒருவகை. வினையால் வேறுபடாதது மற்றொரு வகை. முன்னையதன் பொருளை, வேறுபட்ட வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிக என்பது நூலாசிரியர் கருத்து. பின்னையதைக் கூறுவோன், தான் கருதிய பொருளை வெளிப்படையாகக் கிளந்து கூறல் வேண்டும் என்பதும் அவர் கருத்தேயாம்.

உரையாசிரியர்கள் இதற்கு மா என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவர். அது மரத்திற்கும் விலங்கிற்கும் வண்டிற்கும் பொதுப்பெயர். பூத்தது, காய்த்தது என்னும் வினை வரின் மரமென்று தெளிகின்றோம். மருதமரத்தொடு சேர்த்து எண்ணப்படின் இனத்தால் மரமென்று தெளிகின்றோம். கவசம் பூண்டு போருக்கு நிற்பான் ஒருவன் மாவைக் கொணர்க என்றால், சார்பினால் குதிரையென்று தெளிகின்றோம். மா வீழ்ந்தது என்றவிடத்து இம்மூன்றும் உதவா. ஆண்டு மாமரம் வீழ்ந்தது எனக் கிளந்து கூறுதலே முறை.

ஒரு மொழிக்குள் கேட்போனுக்கு வகுத்த இந்நெறி, இருமொழிக்கிடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளனுக்கும் முற்றும் பொருந்துவதை இனிக் காண்போம்.

வினையால் தெளிதல்

கப்பல் துறையிற் கரையணையும்பொழுது மேக் தி லைன் ஃபாஸ்ட் என்று ஆணை பிறக்கும். லைன் என்பதற்குக் கோடு, வரிசை, கயிறு எனவும், ஃபாஸ்ட் என்பதற்கு விரைவு, உறுதி, உண்ணாநோன்பு எனவும் அகராதி பொருள் கூறும். முதற்பொருளையே கொள்வோன் கோட்டை விரைவாக்கு என எழுதுவான். இங்கு மேக் என்னும் வினை ஃபாஸ்ட் என்பதனொடு கூடி, அசையாது நிற்கச்செய் என்னும் பொருள் தருகின்றது. அசையாது நிறுத்தத்தக்கது கோடு அன்று; கயிறே. ஆகவே, கயிற்றைக் குற்றியிற் பிணை என்பதே தக்க பெயர்ப்பாம். விரைக என்று பொருள்கொண்டு கயிற்றை இழுப்பாரும், பிணைக என்று பொருள்கொண்டு கட்டுவாரும் அருகருகே நிற்பின், கப்பலின் பெருங்கயிறு நழுவி இருதிறத்தாரையும் ஊறுபடுத்தும்.

அதே சொல் பிரேக் என்னும் வினையொடு வரின் நோன்பு. ரன் என்னும் வினையொடு வரின் விரைவு. சாயத்தைப் பற்றி வரின் வெளுக்காத தன்மை. ஆதலின் ஐயுற்ற சொல்லை மட்டும் நோக்காது, அது கொண்டு முடியும் வினையையும் உடன் நோக்குக என்பது முதல் விதி.

இனத்தால் தெளிதல்

பாலம், கட்டடம் ஆகியவற்றின் கணக்குகளில் டெட் லோட், லைவ் லோட் என இரண்டு சொற்கள் உடன் வரும். தனித்தனியே நோக்கின் செத்த சுமை, உயிருள்ள சுமை எனத் தோன்றும். இரண்டும் எதிரெதிர் இனமாய் நிற்றலின் ஒன்று மற்றொன்றை விளக்குகின்றது. கட்டடம் தன்னைத்தானே தாங்கும் நிலையான எடை முன்னது. மக்களும் வண்டிகளும் பண்டங்களும் ஏறுதலால் மாறி மாறி வரும் சுமை பின்னது. நிலைச்சுமை, மாறுசுமை என்றால் எவர்க்கும் விளங்கும்.

ஸ்கேல் என்பதும் அவ்வாறே. துடுப்பும் ஸ்கேலும் என வரின் செதில். படிக்கல்லும் ஸ்கேலும் என வரின் தராசு. துருவும் ஸ்கேலும் என வரின் எஃகின் மேலோடு. இம்மூன்றாவது தொடரைக் கண்ட மொழிபெயர்ப்பாளர், துரு வேறு மேலோடு வேறு என்பதால் அன்றோ இரண்டையும் உடன் கூறினர் என ஓர்ந்திருப்பின், முன்னர்க் காட்டிய பிழைக்கு இடமே இராது.

சார்பால் தெளிதல்

ஸ்கேலை நாள்தோறும் சரிபார்க்க என்னும் ஆணையில் வினை உதவாது. இனமாக உடன் வந்த சொல்லும் இல்லை. இந்நிலையில், இது யார் கூற்று, யாரை நோக்கியது, எவ்விடத்தது என வினவல் வேண்டும். அங்காடி வாயிலில் எழுதப்படின் எடைமேடையைச் சோதிக்க என்பது பொருள். கொதிகலத்தின் அருகே எழுதப்படின் படிவு உளதோ எனக் காண்க என்பது பொருள். வரைபட அறையில் எழுதப்படின் அளவு விகிதத்தை ஒத்துப்பார்க்க என்பது பொருள்.

இவ்வாறே லைவ் என்னும் சொல் நண்டு விற்கும் இடத்தில் உயிருள்ளதைக் குறிக்கும். மின்கம்பத்தில் அதுவே மின்னோட்டம் உள்ளதைக் குறிக்கும். அங்கு உயிருள்ள கம்பி என எழுதுவது பொருளற்றது. மின்சாரம் பாய்கிறது, தொடாதே என எழுதுவதே உயிர்காக்கும் மொழிபெயர்ப்பு.

ஆதலின் தனித்தாளிற் சில சொற்களை மட்டும் எழுதித் தந்து, இவற்றுக்குத் தமிழ் என்ன என்று கேட்பார்க்கு நாம் கூறத்தக்க விடை ஒன்றே: முழுத்தொடரையும் காட்டுக, அது நின்ற இடத்தையும் கூறுக.

கிளந்து கூறல்

பார் என்னும் ஆங்கிலச் சொல் அங்காடியில் இரும்புக் கம்பி. எண்ணூர் முகத்துவாரத்தில் அலை கொணர்ந்து குவித்த மணல்திட்டு. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் குழாம். கடையிற் சவர்க்காரக் கட்டி. பார் நீண்டுள்ளது என்றால் கம்பியோ மணல்திட்டோ என்பது வினையால் தெளியாது. இதனைத் தமிழிற் பெயர்க்குங்கால், கருதிய பொருளைச் சார்பறிந்து கிளந்தே கூறல் வேண்டும்.

இங்கு மற்றொன்றும் அறியத்தக்கது. தமிழிலும் பார் உண்டு. நோக்கு என்னும் ஏவலாகவும், உலகமாகவும், கடலடியிலுள்ள பாறைத் திட்டாகவும் அது வரும். தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி வாழும் இடங்களை முத்துப் பார் என்பர். அதனை ஆங்கிலத்தார் பேங்க் என்னும் சொல்லால் வழங்கினர். பேங்க் என்பதோ வங்கியையும் ஆற்றங்கரையையும் குறிப்பது. ஒலி ஒத்தமையால் ஆங்கிலப் பாரையும் தமிழ்ப் பாரையும் ஒன்றெனக் கொள்ளுதலும், முத்துப் பாரை முத்து வங்கி என மீண்டும் தமிழாக்குதலும் ஒருபடித்தாகிய பிழைகளே.

நாம் தேர்ந்துகொண்ட தமிழ்ச்சொல்லும் பலபொருள் தருவதாயிருப்பின் அதனையும் கிளந்து கூறல் வேண்டும். கம்பி என்றால் மின்கம்பியும் ஆம், சிறைக்கம்பியும் ஆம், கட்டடத்திற்கு இடும் கம்பியும் ஆம். இரும்பு வாணிகர் இதனை நன்கறிவர். ஆதலின் அவர் முறுக்குக் கம்பி என்றும், கட்டுக் கம்பி என்றும் அடைகொடுத்தே வழங்குகின்றனர். இலக்கணம் பயிலாத வாணிகரும் தொழிலாளரும் தொல்காப்பியர் விதியை வழுவாது போற்றுதல் வியக்கத்தக்கதன்றோ?

ஸ்பானிய மொழியிற் சில சான்றுகள்

இந்நெறி தமிழுக்கு மட்டும் உரியதோ என ஐயுறுவார் பொருட்டு, தூரத்து மொழியொன்றையும் ஈண்டு நோக்குவோம். ஐபீரிய நாட்டு மொழிகளொடு தமிழுக்குள்ள தொடர்பு பழையது. அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் இயற்றிய தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679-இலேயே அம்பலக்காட்டில் அச்சாயிற்று. மேசை, சாவி, சன்னல், ஏலம் முதலிய போர்த்துக்கீசியச் சொற்கள் நம் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்டன. போர்த்துக்கீசியத்திற்கு உடன்பிறந்த மொழி ஸ்பானியம்.

ஆங்கில ஸ்கேலை ஸ்பானியத்திற் பெயர்ப்பவன் தமிழன் படும் இடர்ப்பாட்டையே படுவான். மீன் செதில் அம்மொழியில் எஸ்காமா, தட்டுத் தராசு பாலான்ஸா, பெருநிறை காணும் கருவி பாஸ்குலா, அளவு விகிதம் எஸ்காலா, எஃகின் மேலோடு காஸ்காரில்யா, கொதிகலப் படிவு இன்க்ருஸ்தாசியோன், அடிக்கோல் ரெக்லா. ஆங்கிலம் ஒன்றாய்க் குவித்ததைத் தமிழும் ஸ்பானியமும் ஒப்பப் பிரித்தே வைத்திருக்கின்றன.

சில இடங்களில் ஸ்பானியம் தமிழினும் நுட்பமாய்ப் பிரிக்கும். நீரில் நீந்தும் மீன் பேஸ். பிடித்து உணவுக்கு ஆக்கிய மீன் பெஸ்காதோ. நமக்கு இரண்டும் மீனே. உலர்த்திய பின்னரே கருவாடென வேறு பெயர் பெறும். சில இடங்களில் தமிழ் நுட்பமாய்ப் பிரிக்கும். வயலில் நெல், கடையில் அரிசி, கலத்திற் சோறு என நாம் வழங்கும் மூன்றுக்கும் ஸ்பானியர் அர்ரோஸ் என்னும் ஒரு சொல்லையே ஆள்வர். சில இடங்களில் இரண்டும் ஒன்றுபடும். ஆங்கிலக் கார்னர் என்னும் சொல்லை, அறையின் உட்புறத்ததாயின் ரின்கோன் என்றும், தெருவின் புறத்ததாயின் எஸ்கினா என்றும் அவர் கூறுவர். நாமும் அறையின் மூலை, தெருமுனை என வேறுபடுத்துகின்றோமல்லமோ?

ஸ்பானியத்திலும் பலபொருள் ஒருசொல் உண்டு. பாங்கோ என்பது வங்கியையும், அமரும் பலகையையும், மீன்கூட்டத்தையும், மணல்திட்டையும் குறிக்கும். ஆற்றங்கரையைமட்டும் அது குறிக்காது. அதற்கு ஒரில்யா என வேறு சொல் உண்டு. ஆகவே ஆங்கிலப் பேங்க் வருமிடமெல்லாம் பாங்கோ எனப் பெயர்ப்பவன், ஆற்றங்கரையில் வந்து தடுமாறுவான். ஒலி ஒத்த சொற்கள் பொருளிலும் முழுதும் ஒக்கும் என்று நம்புதல் எம்மொழியிலும் ஏதம் தருவதாம். வினையும் இனமும் சார்பும் நோக்கித் தெளிதல் எம்மொழிக்கும் பொதுவாகிய நெறி.

வழக்குச் சொல்லைப் போற்றுதல்

பொருள் தெளிந்தபின் சொல்லைத் தேர்தலில் ஒரு கருத்து உளத்துக் கொள்ளத்தக்கது. அத்தொழில் செய்வார் வாயில் ஏற்ற சொல் வழங்குமாயின் அதனை ஒதுக்கிப் புதுச்சொல் புனைதல் வேண்டா. ஆங்கிள் என்றால் கணக்கு நூலிற் கோணம். இரும்பு அங்காடியில் இருபுறம் மடிந்த நீண்ட எஃகுச் சட்டம். அதனை வாங்கப் போவான் கோணம் ஐம்பது தருக என்றால் வாணிகர் திகைப்பர். ஆங்கிள் என்றே அவர் வழங்குதலின் அதுவே ஆண்டுத் தக்க சொல். சேனல் என்பதும் அத்தகையதே. பக்கிங்காம் கால்வாயைக் கால்வாய் என்போம்; எஃகுச் சேனலைக் கால்வாய் என்னோம்.

இதனாற் கலைச்சொல் ஆக்கமே வேண்டா என்பது எம் கருத்தன்று. 1916-இல் சேலத்தில் அறிஞர் சிலர் கூடித் தமிழிற் சாத்திரச் சொற்களை ஆக்குதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. பின்னர் 1960-களில் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தையும் வெளியிட்டது. இம்முயற்சிகளால் நமக்கு வாய்த்த செல்வம் பெரிது. நூலிற் பயிலும் சொல்லையும் களத்திற் பயிலும் சொல்லையும் அடுத்தடுத்து வைத்து, கேட்போன் யாவன் என்பதை உணர்ந்து தேர்தலே அறிவுடைமை. மாணவர்க்கு எழுதுங்கால் கோண எஃகு என்று எழுதி விளக்கலாம். சுமை இறக்குவார்க்கு எழுதுங்கால் ஆங்கிள் என்று எழுதலே நேரிது.

பயிற்சி

இனி மாணவர் தாமே பயிலுமாறு ஒரு சொல்லைத் தருகின்றோம். சார்ஜ் என்னும் சொல் மூன்று தொடர்களில் வருகின்றது. சார்ஜ் மெய்ப்பிக்கப்பட்டது, சார்ஜ் செலுத்தப்பட்டது, சார்ஜ் உருகிற்று. இவற்றின் பொருளை வினை கொண்டு தெளிக. மெய்ப்பிக்கப்படுவது குற்றச்சாட்டு, செலுத்தப்படுவது கட்டணம், உருகுவது உலையில் இட்ட இரும்பு முதலிய பொருள். இனி, சார்ஜ் மிகுதி என்னும் தொடரை நோக்குக. இங்கு வினை உதவாது. வழக்கு மன்றத்திலும், சுங்க அலுவலகத்திலும், உருக்காலையிலும், மின்கலம் விற்கும் கடையிலும் இதன் பொருள் வெவ்வேறாம். இவற்றுள் எது கருதப்பட்டதென்பதைச் சார்பால் அறிந்து, தமிழிற் கிளந்து எழுதுக. பெயர்த்து முடித்தபின், ஆங்கிலத்தை மறைத்துத் தமிழை மட்டும் படித்து, இதன்படி ஒருவன் செய்தால் என்ன செய்வான் எனத் தன்னையே வினவிக்கொள்க. அவன் செய்வது மூலம் கருதியதாயின் பெயர்ப்பு நன்று. அன்றாயின் மீண்டும் அகராதியைத் திறக்க.

முடிவு

இதுகாறும் கூறியவாற்றால், மொழிபெயர்ப்பு என்பது சொல்லுக்குச் சொல் வைத்தல் அன்று என்பதும், ஐயுற்ற சொல்லின் பொருளை வினை, இனம், சார்பு என்னும் மூன்றானும் தெளிந்து, வேண்டுமிடத்துக் கிளந்து கூறலே முறை என்பதும் பெறப்பட்டன. கல்லூரியில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கு கற்கும் நம் மாணவர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. வடசென்னையின் துறைகளிலும் ஆலைகளிலும் அங்காடிகளிலும் வழங்கும் தொழிற்சொற்கள் பல இன்னும் ஏட்டில் ஏறாமல் இருக்கின்றன. விடுமுறை நாட்களில் அத்தொழிலாளரை அணுகி, இதனை நீங்கள் என்னவென்று அழைப்பீர் எனப் பணிவொடு கேட்டு, சொல்லையும் அது வழங்கும் தொடரையும் சேர்த்தே எழுதிக்கொள்வாராயின், அத்தொகுப்பு மொழிக்கும் உதவும். அம்மொழியை நம்பிப் பொறியருகே நிற்கும் மக்களுக்கும் உதவும். அவர் படிக்கும் எச்சரிக்கைப் பலகையை எழுதப்போகின்றவர் நம் மாணவருள் ஒருவராகவே இருத்தல் கூடும்.